கொழும்பில் மழை பெய்யட்டும்

பெல்மதுளைச் சந்தியில் றக்வான பஸ் கிளம்பவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மூன்றாவது சீட்டில் இருந்த பெண் ஜன்னல் கண்ணாடியை இழுத்துப் பார்த்தாள்... அது அசையவில்லை. அவள் விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"விடுங்க, நான் மூடுறேன்," என்று பக்கத்தில் இருந்த சசிதரன் எழுந்து பலம் முழுவதையும் போட்டு இழுத்தான். கண்ணாடி கழன்று அவன் கையோடு வந்துவிட்டது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மழைத்துளி ஒட்டிய இமைகள்... அவற்றுக்குள் சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"மூடச் சொன்னா... கழட்டிட்டீங்களே."

"காத்து நல்லா வரும்ல."

"காத்தா? எனக்கு இங்க குளிப்பே முடிஞ்சிருச்சு. குடைய விரிங்க."

கண்டக்டர் முறைத்துக்கொண்டு வந்தார். "ஐயே, ஏக்க பரணய்னே," என்று அவள் சிரித்த முகத்தோடு சொன்னாள். அது பழைய கண்ணாடிதானே என்று சிங்களத்தில் அவனுக்காகப் பேசிய அந்தக் குரல், சசிதரனுக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. ஓடுகிற பஸ்ஸுக்குள் ஒரே குடையின் கீழ் இரண்டு பேர்... இந்தப் பயணம் கொஞ்சம் நீளக்கூடாதா என்று நினைத்தான்.

அப்போதுதான் முன் சீட்டுப் பெரியவரின் போனில் ஓடிய ரேடியோவில் ஒரு விளம்பரம் வந்தது. "மாணிக்கம் எஃப்.எம்... நாளை மாலை நாலு மணிக்கு 'நம்ம கிரவுண்டு' நிகழ்ச்சி... உங்கள் சசியோடு..."

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. "மாமா, அத கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்."

சசிதரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏங்க... ஸ்போர்ட்ஸ் புடிக்காதா?"

"ஸ்போர்ட்ஸ் புடிக்கும். அவனத்தான் புடிக்காது." அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன மாசம் எங்க தோட்டத்துப் பொம்பளப்புள்ளைங்க சாஃப்ட்போல் ஃபைனல். கடைசிப் பந்துல ஒரு கேட்ச்... விட்டுட்டேன். தேயிலை பறிக்கப் போயிப் போயி விரல் வெடிச்சிருக்கும்ங்க. மேட்சுக்குன்னு பிளாஸ்டர கழட்டுனேன். பந்து விழுந்ததும் வெடிப்பு பொளந்துருச்சு. அடுத்த நாள் அவன் ரேடியோல, ஜீவராணின்னு பேரு வேற சொல்லி... கொழுந்து பறிக்கிற கைக்குப் பந்து புடிக்க வருமான்னு கேட்டான்."

சசிதரன் குடைக் கம்பியை இறுகப் பிடித்தான்.

"ஊருக்குள்ள மட்டும் கேட்டிருந்தாலும் பரவால்ல. அன்னைக்குன்னு பார்த்து கொழும்புல மழை. நாடு பூரா போயிருச்சு. ஹட்டன்ல இருந்து சித்தப்பா போன் போட்டுச் சிரிக்கிறாரு. கொழுந்து நிறுக்கப் போனா, கேட்ச் வருது கூடைய புடின்றாளுங்க. இனிமே நான் கிரவுண்டு பக்கமே போகமாட்டேன்." பிறகு திரும்பிக் கேட்டாள். "ஒங்க பேரு என்னங்க?"

"தரன்," என்றான். தன் பெயரில் பாதியை மட்டும். மற்றப் பாதிதான் சற்று முன் ரேடியோவில் கேட்ட சசி.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. இரத்தினபுரி டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் இயங்கும் மாணிக்கம் எஃப்.எம். நாள் முழுவதும் கொழும்புத் தலைமை நிலையத்தின் விளையாட்டு ஒலிபரப்பைத்தான் அப்படியே திருப்பி ஒலிபரப்பும். ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் உள்ளூர்ப் பேச்சு. ஆனால் கொழும்பில் மழையால் ஆட்டம் நின்றால், அந்த இடைவெளியை நிரப்ப அவர்கள் ஏதாவது ஓர் உள்ளூர் நிலையத்தை நாடு முழுவதற்கும் எடுத்துவிடுவார்கள். அன்று எடுத்தது சசியை. வாட்சப்பில் வந்த ஸ்கோரைப் பார்த்து, கிரவுண்டுக்கே போகாமல், கைதட்டலுக்காக அவன் அடித்த நக்கலை.

அந்த ஒலிபரப்புக்கு அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது, அம்மா மூக்காயியும் அதைக் கேட்டிருந்தாள். அவளும் கொழுந்து பறிக்கிறவள்தான். ரேடியோவில் டவுன்காரனாகப் பேசும் மகன் மூன்று வருடமாக மறைத்துவைத்த விஷயம் அது. சோறு போடும்போது, கறை ஏறிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கிக்கொண்டாள். அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

குடை பிடித்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை... அதே பஸ். கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்து வந்த ஜீவராணி பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

"தரன் சார், இன்னைக்கி எதையும் கழட்டாம வாங்க."

அதற்கடுத்த சனிக்கிழமையும் இடம் இருந்தது. அவித்த கடலையும் இருந்தது. அவள் சிரிக்கச் சிரிக்க, அவன் உள்மனம் நச்சரித்தது. சொல்லிவிடு... சொல்லிவிடு... ஆனால் சொன்னால் இந்தப் பை அந்த இடத்தில் இருக்காதே.

"மறுபடி மேட்ச் இல்லையா?" என்று மெல்லக் கேட்டான்.

"இருக்கு. மாசக் கடைசிக்குள்ள பேரு குடுக்கணுமாம். நான் குடுக்கல. திரும்ப அவன் வாயில போய் விழவா?"

அன்றிரவு அவனுக்கு ஒன்று தெளிவாயிற்று. நாடு கேட்க அவமானப்படுத்திவிட்டு பஸ்ஸில் காதோடு மன்னிப்புக் கேட்பது திருட்டுத்தனம். நாடு கேட்கத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கொழும்பில் மழை பெய்ய வேண்டும்.

இரண்டு ஞாயிறு கொழும்பில் வெயில் கொளுத்தியது. அவன் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிப்பட்டான்... அந்த நிம்மதியை நினைத்தும் வெட்கப்பட்டான்.

மாசக் கடைசி ஞாயிறு. நிலைய முகாமையாளர் ஜவ்பர் நானா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சசி, கொழும்புல மழை. பத்து நிமிஷம் நாடு பூரா போறோம். கலகலன்னு பேசு, சரியா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. சசிதரன் டவுன் தமிழை விட்டுவிட்டான்.

"ஆறு வாரத்துக்கு முன்னால ஒரு கேட்ச் தவறினத வச்சு, கொழுந்து பறிக்கிற கைய கேலி பண்ணுனேன். நான் அந்த கிரவுண்டுக்கே போகல. வெடிச்ச விரலோட ஒரு பொண்ணு ஆடுனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சிரிச்சிருப்பேன்... டவுன்காரன்னு காட்டிக்கணும்ல. எங்கம்மாவும் கொழுந்து பறிக்கிறவங்க. அந்தக் கை போட்ட சோத்துலதான் வளர்ந்தேன். அவங்களும் நான் பேசினத கேட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன். அந்தப் பொண்ணு பேர இப்ப சொல்லமாட்டேன். ஒருதடவ சொன்னதே போதும்."

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் ஜவ்பர் நானா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நேயர் அழைப்புகள் வந்தன... அவள் அழைக்கவில்லை.

சனிக்கிழமை பெல்மதுளையில் பஸ் ஏறும்போது அவன் கால் தயங்கியது. மூன்றாவது சீட்டில் அவள் இருந்தாள். பக்கத்தில் பையும் இருந்தது. அவன் கம்பியைப் பிடித்து நின்றான். பஸ் நகர்ந்தது. ஒரு வளைவு... இரண்டு வளைவு... பை அசையவில்லை.

"நின்னுக்கிட்டே வர்றதா உத்தேசமா?" அவள் ஜன்னலைப் பார்த்தே கேட்டாள்.

"பை இருக்கே..."

"இடம் புடிக்கத்தான வச்சேன்." பையை எடுத்து மடியில் வைத்தாள். "ரெண்டாவது சனிக்கிழமையே குரல் தெரிஞ்சிருச்சு. எப்ப சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு வாரமும் கடலைய தின்னுட்டு எறங்கிப் போயிடுறீங்க."

அவனுக்குத் தலை நிமிரவில்லை. உட்கார்ந்தான்.

"ஒங்கம்மா என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாங்க. இந்தத் தடவ... கைய சேலைக்குள்ள மடக்கல."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை ராத்திரியே பேரு குடுத்துட்டேன். இப்ப நீங்க ஒங்க பேரு குடுங்க. முழுசா."

"மூக்காயி மகன் சசிதரன். றக்வான தோட்டம், மேற்பிரிவு, மூணாம் நம்பர் லயத்து வீடு." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஜீவராணிய எனக்குப் புடிச்சிருக்கு."

"இத ரேடியோல சொல்லலையே..."

"இது நாடு கேக்க வேண்டியதில்ல."

புதிதாகப் போட்ட கண்ணாடிக்கு வெளியே மழை தொடங்கியது. பிளாஸ்டர் சுற்றிய கை சீட்டின் மேல் வந்து, அவன் கைக்குப் பக்கத்தில் நின்றது. அவன் அதைப் பிடித்தான்... மெல்ல, வலிக்காமல்.