பிஸ்கட் டப்பாவில் இருந்த வார்த்தைகள்

"'பை'. அந்த ஒரு வார்த்தை போதும். உலகத்துல எல்லாரும் தேடுறது அதைத்தான்," என்றார் மாமா.

"நாம பை விக்கலையே மாமா," என்றாள் பட்டாணி.

பத்து வயதாகியும் வகுப்பிலேயே சின்ன உருவம் அவள்தான். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணி.

அம்மாவோடு மூவரும் அவளுடைய பை பழுது பார்க்கும் கடையில் இருந்தார்கள். கடை என்றால் ஓர் அறைதான். இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் முழுக்கக் கொக்கிகள். பழைய கடையில் ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பை தொங்கும். இப்போது ஒரே ஒரு பைதான் தொங்கியது. காலிக் கொக்கிகள் எல்லாம் கேள்விக்குறி போல இருந்தன.

பழைய கடை பெரிய தெருவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்பு இந்தச் சந்துக்கு, பல் மருத்துவருக்கு மேல்மாடிக்கு வந்தார்கள். யார் கண்ணிலும் படாத இடம். அதனால் மாமா ஒரு இணையதளம் செய்து கொடுத்தார். அதன் நெற்றியில் பெரிய எழுத்தில், 'உயர்தரப் பயணப்பொதி மறுசீரமைப்புத் தீர்வுகள்' என்று போட்டார். இரண்டு வாரத்தில் ஒரே ஒருவர்தான் படியேறி வந்தார். அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல் மருத்துவரைத் தேடி வந்தவர்.

அம்மாவைத் தையல் தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பட்டாணி பள்ளியிலிருந்து வருவது நான்கு மணிக்கு. அம்மா அந்த வேலைக்குப் போனால், வாரத்தில் ஐந்து நாள் தூங்கும் அம்மாவை மட்டும்தான் பார்க்க முடியும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இணையத்தின் தேடல் பெட்டியில் ஆட்கள் எழுதும் வார்த்தை நம் தளத்திலும் இருந்தால்தான் நம்மைக் காட்டும் என்று மாமா விளக்கினார். பிறகு, 'பை' என்று எழுதித் தட்டினார். திரை முழுக்கப் பெரிய பெரிய கடைகள், புதுப் புதுப் பைகள். எத்தனை பக்கம் புரட்டியும் அம்மாவின் கடை வரவில்லை.

"இவங்க எல்லாம் புதுப் பை வாங்கத் தேடுறவங்க மாமா. நம்மகிட்ட வரவங்களுக்கு அவங்க பழைய பைதான் வேணும்."

மாமா தலையைச் சொறிந்தார். "சரிதான். அப்ப அவங்க என்ன எழுதித் தேடுவாங்க?"

"வந்தாத்தானே கேக்க முடியும்," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.

பட்டாணி சுவரைப் பார்த்தாள். அந்த ஒற்றைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பை கொண்டுவந்தாலும் அவர்கள் வாயிலிருந்து வருவதை அப்படியே சீட்டில் எழுதிப் பையில் கட்டுவாள். தன் சொல்லாக ஒன்றும் சேர்க்க மாட்டாள். எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்பாள். பை போனதும் சீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். ஆறு வருடச் சீட்டுகள்.

பட்டாணி டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள்.

'பூனை கடிச்சிடுச்சு.' 'பெட்டி ஒரு பக்கமாவே ஓடுது.' 'உள்ள என்ன போட்டாலும் காணாம போகுது.' மாமாவும் அவளும் ஒரே மாதிரிச் சீட்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். 'சக்கரம் கழண்டு போச்சு' ஒரு குவியல். 'ஸ்கூல் பை பட்டை அறுந்துடுச்சு' அதைவிடப் பெரியது. 'ஜிப் மூட மாட்டேங்குது' மட்டும் ஒரு குட்டி மலை.

"மறுசீரமைப்பு?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல மாமா."

மாமா தானும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

பட்டாணி தேடல் பெட்டியில் 'ஜிப் மூட' என்று எழுதத் தொடங்கினாள். முடிப்பதற்குள் பெட்டியே மீதியை எழுதிக் காட்டியது. முன்பின் தெரியாத யார் யாரோ அதையே கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கடை என்று பட்டாணியின் ஊரில் ஒன்றுகூட வரவில்லை.

சீட்டில் இருக்கும் வார்த்தைகளையே தளத்தில் போடலாம் என்றாள் பட்டாணி. அம்மாவுக்குத்தான் தயக்கம். வீட்டில் பேசுவதைப் போலவா கடையைப் பற்றி எழுதுவது, கொஞ்சம் மதிப்பாக இருக்க வேண்டாமா என்றாள்.

"நீ சீட்டுல இப்படித்தானேம்மா எழுதற? இதைப் படிச்சுதானே எல்லாப் பையையும் சரி பண்ணின?"

அம்மா தரையில் உட்கார்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பூனை கடித்த சீட்டு வந்ததும் சிரித்துவிட்டாள். அந்தக் கிழிசலை மறைக்க ஒரு மீன் வடிவத் துணியை வைத்துத் தைத்தாளாம். அம்மாவின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் விரலில் இருக்கிறது என்றுதான் பட்டாணி இதுவரை நினைத்திருந்தாள். பாதி காதிலும் இருந்திருக்கிறது.

அன்றே மாமா பெரிய எழுத்துகளை அழித்தார். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பக்கம் வைத்தார். அடியில், 'பல் மருத்துவருக்கு மேல்மாடி' என்று பட்டாணி சேர்க்கச் சொன்னாள்.

செவ்வாய், யாரும் வரவில்லை. புதன், வியாழன், அப்படியே. இதெல்லாம் சூடுபிடிக்க நாளாகும் என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். தொழிற்சாலையின் தொலைபேசி எண் எழுதிய தாளை அம்மா இயந்திரத்தின் மேலேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, படியில் காலடிச் சத்தம் கேட்டது. பல் மருத்துவரின் வாசலில் நின்றுவிடும் என்று பட்டாணி காத்திருந்தாள். நிற்கவில்லை. மேலே வந்தது.

சீருடை போட்ட ஓர் இளம்பெண் பேருந்து ஓட்டுநர். வாய் பிளந்த பை ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஜிப் மூட மாட்டேங்குது. ஒவ்வொரு திருப்பத்துலயும் சாப்பாட்டு டப்பா உருண்டு ஓடுது," என்று மூச்சு வாங்கினார். "போன்ல தேடினேன், உங்க கடை வந்துச்சு. எங்க பணிமனையில எழுபது பேருக்கும் இதே பைதான். பாதிப் பேருக்கு ஜிப் போயிடுச்சு. இது சரியானா நாளையிலிருந்து வரிசையா வருவாங்க."

அம்மா சீட்டுக்காக மேசையைத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. இயந்திரத்தின் மேலிருந்த தாளை எடுத்தாள். ஒரு நொடி பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், 'ஜிப் மூட மாட்டேங்குது' என்று எழுதிப் பையில் கட்டினாள்.

பட்டாணி ஒரு புதுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஓட்டுநர் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, போன்ல தேடுறப்போ என்ன எழுதினீங்க? எதையும் மாத்தாம அப்படியே சொல்றீங்களா?"