கொட்டுப்பிடி

ஓடுதளக் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை முதலில் தொங்கியதா, சுமை ஏற்றும் மூக்கையா அண்ணாச்சி முதலில் கத்தினாரா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. சில நாட்களில் ஒன்றும், சில நாட்களில் மற்றொன்றும் சரியாகப் படுகிறது.

விமானி ஜெபராணி மருந்து தூவும் விமானத்துக்குள் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கவசத்தில் முன்கனவி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரிப்பது என் வேலை. வெப்பம், காற்று, கரிசல் மண்ணின் ஈரம், சுமை எல்லாவற்றையும் அது அளந்துகொள்ளும். நடக்கப்போகும் புறப்பாட்டை விமானிக்கு நாற்பது நொடிக் கனவாகக் காட்டும். கனவில் விமானம் ஓடுதள முனையிலுள்ள கண்மாய்க் கரையைத் தாண்டினால்தான் இயந்திரம் இயங்கத் தொடங்கும்.

முன்கனவி வருவதற்கு முன்பெல்லாம் பயம்தான் சுமையை முடிவு செய்தது. விமானத்தின் மருந்துத் தொட்டியில் எப்போதும் நாலைந்து மூட்டைக்கு இடம் காலியாக இருக்கும். முன்கனவி வந்தபின் அந்த இடம் நிரம்பிவிட்டது. கனவில் கரையில் மோதும்வரை ஏற்றுவது, பிறகு ஒன்றை இறக்குவது. அதுவே வழக்கமாயிற்று.

அவள் கண் திறந்தாள்.

"கரையில முட்டிட்டேன் அண்ணாச்சி."

"செத்துட்டியா தாயி?"

"செத்துட்டேன். ஒரு மூட்டைய இறக்குங்க."

"இன்னைக்கு இது எத்தனாவது சாவு?"

"மூணு. சோறு திங்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு இருக்கு."

சிரித்துக்கொண்டே மூக்கையா ஒரு மூட்டை மருந்தை அள்ளி வெளியே எடுத்தார். மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியிருந்தது. மாலைக்குள் இருநூறு ஏக்கருக்குத் தூவாவிட்டால் கதிர் மிஞ்சாது.

மறுபடி கனவு. இம்முறை ஓரடி உயரத்தில் கரையைத் தாண்டினாளாம்.

"ஓரடியா? இன்னொண்ணையும் எடுத்துருவோமே."

"எதுக்கு? அதான் தாண்டிட்டேன்லா."

நான் காற்றுப்பைக் கம்பத்தடிக்கு நடந்துபோய் நின்றேன். ஓடுதளத்தில் பாதித் தூரம் அது. வெயிலில் தூரத்து விமானம் தண்ணீரில் மிதப்பதுபோல் அசைந்தது. பிறகு சத்தமில்லாமல் பெரிதானது. சத்தம் பின்னால் வந்தது.

கனவு கணக்கில் எடுத்திருந்த எதிர்காற்று திடீரென நின்றுபோனது. துணிப்பை கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

"கொட்டு தாயி! கொட்டிரு!"

விமானியின் இடக்கைப் பக்கம் சிவப்பாக ஒரு கொட்டுப்பிடி இருக்கும். இழுத்தால் மொத்தச் சுமையும் சில நொடியில் கீழே விழும், விமானம் எழும்பிவிடும். ஆனால் கனவில் அதை யாரும் தொடுவதில்லை. தொட்டால் எத்தனை மூட்டை தாங்கும் என்ற அளவு கிடைக்காது. கனவில் கை சும்மா இருக்கவேண்டும் என்று புதியவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

என்னைக் கடந்தபோது கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தேன். இடக்கை மடியில் கிடந்தது. முகத்தில் பயமே இல்லை. சக்கரம் இன்னும் மண்ணைவிட்டு எழவில்லை.

விமானம் கரையில் மோதிய பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் பேசினாள்.

"பிடி கை எட்டுற தூரந்தான். கண்ணு முழிச்சிருவேன்னு நெனச்சேன்."

 

இருநூறு ஏக்கரையும் புழு தின்றது. மூக்கையா திருச்செந்தூர் சாலையில் உரக்கடையில் சுமை ஏற்றுகிறார். முன்கனவி எல்லா ஓடுதளங்களிலும் கட்டாயமாகிவிட்டது. நான் அதைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெபராணி ஊன்றுகோலோடு நடக்கிறாள். சாலையைக் கடக்கும்போது யாராவது அவள் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். லாரி வந்தால் அவள் விலகுவதில்லை.