சிரிக்கக் கூடாத ஸ்டுடியோ

எங்கள் வீட்டில் சிரிக்கலாம். எங்கள் ஸ்டுடியோவில்தான் சிரிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் அடுப்பு, கட்டில், என் பள்ளிக்கூடப் பை. இந்தப் பக்கம் கேமரா, ஃபிளாஷ் விளக்கு, ஒரு ஸ்டூல், ஸ்டூலுக்குப் பின்னால் வெள்ளைத் துணி.

அப்பா எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட்டுக்கும் லைசென்ஸுக்கும் ஒட்டுகிற போட்டோ. அதற்குச் சட்டதிட்டம் நிறைய. கண் திறந்திருக்க வேண்டும். காது இரண்டும் தெரிய வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். ஒரே ஒரு பல் எட்டிப் பார்த்தாலும், வேறு போட்டோ கொண்டு வாருங்கள் என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால், கடைக்குள் யார் நுழைந்தாலும் அப்பா முதலில் சொல்வது, "சிரிக்காதீங்க." வாங்க, உக்காருங்க எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பம்பரம் வந்து சேர்ந்தது.

பம்பரம் எங்கள் நாய். மழைக்கு ஒதுங்க வந்தது, மழை விட்ட பிறகும் போகவில்லை. அது என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொரு காது படுத்துத் தூங்கும். உடம்பு நீளம், கால் குட்டை. வால் மட்டும் ஏதோ பெரிய நாயிடம் இரவல் வாங்கியது போல இருக்கும்.

"நாலஞ்சு நாய் செஞ்சு மிச்சமானதை வெச்சு இதைச் செஞ்சிருக்காங்க" என்பார் அப்பா.

"மிச்சம் இல்லைங்க. நாலஞ்சு நாயில நல்லதா பொறுக்கி எடுத்தது" என்பார் அம்மா.

எப்படிச் செய்திருந்தாலும் சரி, நிறுத்துவதற்கு ஒரு வழி வைக்க மறந்துவிட்டார்கள். காலையில் கண் விழித்தால் ஓட ஆரம்பிக்கும். கட்டிலுக்கு அடியில் புகுந்து, என் செருப்பைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு, நேராக ஸ்டுடியோதான்.

அதற்கு ஃபிளாஷ் வெளிச்சம் என்றால் உயிர். போட்டோ எடுப்பதற்கு முன்னால் அப்பா ஃபிளாஷை ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். பளிச்சென்று சுவரில் வெளிச்சம் விழுந்து மறையும். சுவரில் ஏதோ ஓடுகிறது என்று பம்பரம் எகிறிப் பாயும். சுவரில் முட்டிக்கொண்டு கீழே விழும். விழுந்ததைப் பற்றிக் கவலையே படாது. அந்த வெளிச்சம் எங்கே போனது என்று ஸ்டூலுக்கு அடியில் தேடும், குப்பைக் கூடையில் தேடும், வந்தவருடைய பைக்குள் தலையை விட்டுத் தேடும். இதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார மனிதரால் முடியுமா? அப்பா போட்டோ எடுப்பதற்குள் முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்துவிடும்.

முதலில் திரும்பி வந்தது பஸ் டிரைவர் மாமாவின் போட்டோ.

"சார், ஆபீஸ்ல இதைப் பார்த்துட்டு, லைசென்ஸுக்குக் கேட்டோமா, பல்பொடி விளம்பரத்துக்குக் கேட்டோமான்னு கேக்கறாங்க" என்றார் அவர்.

அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. "மன்னிச்சுக்கோங்க. இன்னொண்ணு எடுத்துடலாம்" என்று சொல்லி, பம்பரத்தைத் தூக்கி வீட்டுப் பக்கம் விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளே இருந்து அது "ஊ" என்று இழுக்க ஆரம்பித்தது. அம்மா, "ஷ், சும்மா இரு" என்றார். அது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் உருக்கமாக இழுத்தது. டிரைவர் மாமா சிரிப்பை அடக்க வாயை இறுக்கிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. போட்டோவைப் பார்த்தால், பாவம், இரண்டு பக்கமும் பல்வலி என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, "அப்பாடா" என்று மூச்சு விட்டார். சீப்பையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் அவர் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் அப்பா கேமரா பக்கத்தில் இல்லை, பம்பரத்தைத் திட்ட உள்ளே போயிருந்தார்.

அடுத்து அதை வாசலில் கட்டிப்போட்டுப் பார்த்தோம். அது வருகிறவர்கள் எல்லோருடைய காலையும் நக்கி வரவேற்றது. கூச்சத்தில் நெளிந்து சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் உள்ளே வந்தார்கள். மறுபடியும் போட்டோக்கள் திரும்பி வந்தன. நர்ஸ் அக்கா ஒருவருடைய போட்டோ இரண்டு தடவை திரும்பி வந்தது.

அன்று சாப்பிடும்போது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை உங்க பெரியப்பா வண்டியோட வர்றார். இந்த நாயை அவரோட மரக்கடைக்கு அனுப்பிடலாம். அங்க ஓடறதுக்கு நிறைய இடம் இருக்கு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "வேணாம்பா" என்றேன்.

"எனக்கு மட்டும் ஆசையா? போட்டோ ஒழுங்கா எடுக்கத் தெரியாதவன்னு என்னை ஊரே சொல்லும். அப்புறம் யார் வருவாங்க?"

அம்மாவைப் பார்த்தேன். "அப்பா சொல்றதும் நியாயம்தானே, கண்ணு" என்றார் அம்மா. சொல்லும்போதே அம்மாவின் கை மேசைக்கு அடியில் பம்பரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் நர்ஸ் அக்கா வேகமாக வந்தார். வெளிநாட்டில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் ஆபீஸ் மதியத்தோடு மூடிவிடும். அன்றைக்குக் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"சார், இன்னிக்கு எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்க. நான் சாமியார் மாதிரி உக்காந்துக்கறேன்" என்றார்.

அப்பா பம்பரத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அதிசயமாக, அது சத்தம் போடவில்லை. அக்கா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிரிக்காதீங்க" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அக்காவின் உதடு துடித்தது. தோள் குலுங்கியது. பக்கென்று சிரித்துவிட்டார்.

"நாய்தான் இல்லையேம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அது எப்ப ஊளையிடும்னு நெனச்சேன் சார், சிரிப்பு வந்துடுச்சு. நீங்க சிரிக்காதீங்கன்னு சொன்னா இன்னும் வருது."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி சிரிப்பு. அக்கா உதட்டைக் கடித்தார், தொடையைக் கிள்ளிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு இந்த வேலை வேணும் சார். ஆனா இந்த வாய் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார்.

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு டிரைவர் மாமாவின் முகம் ஞாபகம் வந்தது.

"அப்பா, அக்காவை முழுசா சிரிக்க விட்டுடுங்க" என்றேன்.

"ஏய் வாலு, சும்மா இரு. இருக்கற தொல்லை போதாதா?"

"அடக்கினாத்தானேப்பா பொத்துக்கிட்டு வருது? எல்லாச் சிரிப்பையும் சிரிச்சு முடிச்சுட்டா? அன்னிக்கு டிரைவர் மாமா சிரிச்சு முடிச்சப்ப அவர் முகம் ரொம்ப நல்லா இருந்துச்சு. நீங்கதான் பாக்கலை, உள்ள போயிட்டீங்க."

அப்பா என்னை முறைத்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "பாப்பா சொல்ற மாதிரி செஞ்சு பாருங்க சார். இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?" என்றார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பம்பரம் ஏன் சத்தம் போடாமல் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வாயில் அம்மாவின் துடைப்பம். அதையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் பாய்ந்தது.

"ஃபிளாஷ் அடிங்கப்பா" என்றேன்.

அப்பா அடித்தார். பம்பரம் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சுவரில் பாய்ந்தது. "இன்னொண்ணு" என்றேன். அது எதிர்ச் சுவருக்குப் பாய்ந்தது. அடுத்த தடவை வெள்ளைத் துணியில் சிக்கிக்கொண்டு, துணிக்குள்ளிருந்து வாலை மட்டும் ஆட்டியது. அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டூலே ஆடியது. "ஐயோ, என் வயிறு" என்று முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார். அம்மா வாசற்படியில் நின்று சிரித்தார். அப்பா மட்டும் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவருடைய சட்டை ஏன் அப்படிக் குலுங்கியது என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பம்பரத்துக்கும் மூச்சு வாங்கியது. அது துணியை விட்டு வெளியே வந்து, நாக்கைத் தொங்கவிட்டு, என் காலடியில் பொத்தென்று படுத்தது. நான் துணியைச் சரிசெய்தேன். அக்கா கண்ணைத் துடைத்தார். தலைமுடியை ஒதுக்கினார். "போதும்ப்பா, போதும்" என்று நீளமாக ஒரு மூச்சு விட்டு, நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். வாய் தானாக மூடியிருந்தது.

"இப்பப்பா" என்றேன் மெதுவாக.

கிளிக்.

போட்டோவைத் திரையில் பார்த்தோம். கண் திறந்திருந்தது, காது இரண்டும் தெரிந்தது, ஒரு பல்கூடத் தெரியவில்லை. பொதுவாக அப்பா எடுக்கும் போட்டோவில் எல்லோரும் போலீசில் மாட்டியவர்கள் மாதிரி இருப்பார்கள். இதில் அக்கா அக்காவாகவே இருந்தார்.

"இப்படி ஒரு போட்டோ எனக்கு இதுவரைக்கும் அமைஞ்சதே இல்லை" என்றார் அக்கா. அம்மா அச்சடித்து, ஓரம் வெட்டிக் கொடுத்ததும், பிடித்தார் ஓட்டம்.

மதியம் போன் வந்தது. ஆபீஸில் போட்டோவை வாங்கிக்கொண்டார்களாம்.

நான் ஆசையோடு அப்பாவைப் பார்த்தேன். "ஒரு தடவை சரியா வந்தா ஆச்சா? ஏதோ அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

சாயங்காலம் பேங்க் வாட்ச்மேன் ஒருவர் வந்தார். பெரிய மீசை. ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்து, கேமரா தன்னை அடிக்கப் போவது போல முறைத்தார். அப்பா, "கொஞ்சம் சாதாரணமா இருங்க" என்றார். அவர் இன்னும் விறைத்தார். அப்பா தாடையை இறக்கச் சொன்னார், தோளைத் தளர்த்தச் சொன்னார். எதுவும் பலிக்கவில்லை.

அப்பா என் பக்கம் குனிந்தார். வாட்ச்மேன் காதில் விழாதபடி, "அவனைக் கொஞ்சம் கூட்டிட்டு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வண்டியோடு வந்துவிட்டார். கையில் புதுக் கயிறு. ஸ்டுடியோ வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். உள்ளே பளிச் பளிச்சென்று வெளிச்சம், தடால் என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே பெரிய சிரிப்பு.

"எங்கடா நாய்? சீக்கிரம் குடு, வெயில் ஏறுதுல்ல" என்றார் பெரியப்பா.

நான் அப்பாவையே பார்த்தேன். அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் வேலையா இருக்காண்ணா. இப்பல்லாம் அனுப்ப முடியாது."

"வேலையா? நாய்க்கு என்னடா வேலை?"

"அப்படி ஓரமா உக்காருங்க. உங்க முறை வரும்போது தெரியும்" என்றார் அப்பா.

பெரியப்பா எதற்கும் சிரிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அன்றைக்கு அவர் வெறும் கயிற்றோடு வண்டியில் ஏறினார். தெருமுனை திரும்பும்வரை அவருடைய சிரிப்பு எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.