கேள்வித்தாள் பளிச்சென்று தெரிந்தது

புவனேஸ்வரி மிஸ் கையிலிருந்த சிவப்புப் பேனா கீழே விழுந்தது. எடுக்க யாருமே அசையவில்லை.

எங்கள் ஏழாம் வகுப்பில் தினமும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கில வார்த்தைக்கெல்லாம் என்னிடம் அர்த்தம் கேட்கும் நான்சியின் நோட்டைத்தான் மிஸ் வெறித்துப் பார்த்தார்.

“ஆல்பர்ட் மாமா உதவி செஞ்சார்னு எழுதியிருக்க. அப்புறம், ‘ஐ நோ த கொஸ்டின் பேப்பர்’. அப்படின்னா முன்னாடியே தெரியும்னு அர்த்தம்! மாமா எங்க வேலை பாக்குறார்?”

“அரியலூர்ல, பிரிண்டிங் பிரஸ்லங்க மிஸ்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வித்தாள் அச்சடிக்கிற இடமா?

“யோசிச்சுச் சொல்லு. நேத்து கணக்குக் கேள்வித்தாள் உனக்குத் தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுது மிஸ். பளிச்சுன்னு!”

மிஸ் முகம் வெளுத்துவிட்டது. “பெரிய சார்கிட்டப் போகணும். உன் பரீட்சை செல்லாது. மாமா வேலையும் போயிடும்.”

நான்சி நோட்டையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் என்ன மிஸ் பண்ணேன்?”

திருடியவள் ‘பளிச்சுன்னு’ என்று சொல்வாளா? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். போன பருவத்துப் பரீட்சையில் தாளை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தவள், இந்த வாரம்தான் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள்.

“ஒரு நிமிஷம் மிஸ். நான்சி, கண்ணாடியக் கழட்டுடி.”

கழற்றினாள். நேற்றைய கணக்குக் கேள்வித்தாளை என் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். “தெரியுதா?”

“இல்லடி வெற்றி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“போட்டுக்க. இப்ப?”

“பளிச்சுன்னு தெரியுது.”

“கண்ணாடி யாரு வாங்கிக் குடுத்தா?”

“ஆல்பர்ட் மாமாதான். அதத்தானே எழுதுனேன்!”

மிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “கண்ணுக்குத் தெரிஞ்சதையா சொன்ன? அடக் கடவுளே!”

பிறகு எழுந்து கரும்பலகையில் எழுதினார்.

“முன்னாடியே தெரிஞ்சா ‘நோ’. அர்த்தம் புரிஞ்சா ‘அண்டர்ஸ்டாண்ட்’. லேட்டா உறைச்சா ‘ரியலைஸ்’, இப்ப எனக்கு நடந்தது அதுதான். கண்ணுக்குத் தெரிஞ்சா ‘சீ’.”

“சீயா?” நான்சி வாயைப் பொத்தினாள். “கேள்வித்தாளப் பாத்து சீன்னு எழுதுனா பெரிய சார் திட்ட மாட்டாரா மிஸ்?”

வகுப்பே சிரித்தது. மிஸ்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

நோட்டு திரும்பி வந்தபோது, கையெழுத்துப் போடும் இடத்தில் ‘சாரி நான்சி’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதற்கு மட்டும் அவள் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.