மேற்குச் சுவர்

"வீடு வாங்கச் சொன்னா, சுத்திலும் சன்னலா ஒரு சல்லடையை வாங்கி வச்சிருக்கியே!" என்றான் கணவன், காரைவிட்டு இறங்கியதும் இறங்காததுமாக.

அவள் சிரித்தாள். அலுவலகத்தில் கண்ணாடிக் கோபுரங்களுக்கு வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்ட் அவள். ஆனால் மனசைப் பறிகொடுத்தது என்னவோ அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய இந்த மாதிரி வீடுகளிடம்தான். தாழ்ந்த தட்டைக் கூரை. வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடும் அகலமான சன்ஷேடு. கண்ணாடிப் பட்டைகள் திறந்து மூடும் சன்னல்கள். காலடியில் ஜில்லென்ற மொசைக். ஏசி என்ற பேச்சே இல்லாத காலத்தில், இந்த வெக்கையோடு மல்லுக்கு நின்று கட்டியவை.

அழகு மட்டும் காரணமில்லை. ஏழு வயது மகள் சிட்டுவுக்கு இழுப்பு. அடைத்துக் கிடந்த அடுக்குமாடி வீட்டில் ஆறே மாதத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். "காத்தோட்டமான இடமாப் பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரே ஒரு குறை. கூடத்தின் மேற்குச் சுவரை யாரோ தரையிலிருந்து கூரை வரை பூசி மூடியிருந்தார்கள். பழைய வரைபடத்தில் அது துளைக்கல் சுவர். நடுவில் பூப்போல ஓட்டை விட்ட கற்கள், வரிசைக்கு இருபது, பதினைந்து வரிசை.

"இதை மூடினவங்க கையை ஒடிக்கணும்" என்றாள். மறுநாளே கொத்தனாரை வரச் சொன்னாள்.

மத்தியானம் உளிச் சத்தம் நின்றது.

"மேடம், இங்க வந்து பாருங்க. மேலாப்லதான் சிமென்ட். உள்ள பூரா குளவி மண்ணு."

முன்னூறு துளை. முன்னூறிலும்.

"ஒண்ணு ரெண்டுன்னா சரி. இப்படி ஒண்ணு விடாம எந்தக் குளவி மேடம் கட்டும்?"

"அதுக்கு வேற வேலை கிடைக்கலையோ என்னவோ. சுரண்டி எடுத்துடுங்கண்ணே."

கடைசித் துளையைக் குடைந்ததும் காற்று வந்தது. குளிர்ந்த காற்று. அவள் கண்ணை மூடி அனுபவித்தாள். கண் திறந்து துளை வழியே வெளியே பார்த்தாள்.

மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அன்றிலிருந்து சிட்டு இன்ஹேலரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடினாள். "உன் சல்லடை கில்லாடிதான், ஒத்துக்கறேன்" என்றான் கணவன்.

பத்து நாள் போயிருக்கும். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கணவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சிட்டு மொசைக்கில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ஸ்ஸ்... ங்ங்ங்...

அந்த இழுப்புச் சத்தத்தைப் பெற்றவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். பதறிப்போய் மகளிடம் ஓடினாள். சிட்டுவின் வாய் மூடியிருந்தது. மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு படவில்லை.

சத்தம் சுவரிலிருந்து வந்தது.

பக்கத்தில் தொங்கிய திரைச்சீலை உள்ளே உப்பியது. சிட்டுவின் மார்பு எழுந்தது. திரைச்சீலை சுவரோடு ஒட்டியது. மார்பு தாழ்ந்தது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சுவரிடம் போய், ஒரு துளையை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அம்மா, கையை எடு" என்றாள் சிட்டு. மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பத்து நிமிடத்தில் மூவரும் காரில் இருந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் சிட்டுவின் உதடு நீலம் பாரித்தது. இன்ஹேலரை அடித்தும் பலனில்லை. "ஏங்க, திருப்புங்க! வண்டியைத் திருப்புங்க!" என்று அலறினாள். வாசற்படியில் கால் வைத்ததும் மூச்சு வந்தது. மறுநாள் காலையில் ஆம்புலன்சை வரவழைத்தார்கள். அதுவும் கேட்டைத் தாண்டித் திரும்பி வந்தது.

வீட்டை விற்ற பெரியவருக்குப் போன் போட்டாள்.

அவள் பெயரைச் சொன்னதுமே அவர் கேட்டார்.

"சுவரைத் திறந்துட்டியாம்மா?"

"குழந்தையை வெளிய கொண்டுபோக முடியலைங்க. எதுக்கு மூடினீங்க அதை?"

"எங்க பையனுக்கும் இழுப்புதான். ஒரு வருஷம் ராஜா மாதிரி இருந்தான். நான் மூடலம்மா. குளவி மூடிச்சு. ஒரே வாரம். குச்சியை விட்டுக் கிளறினா பையன் ரத்தமா இருமினான். பார்த்துக்கிட்டே நின்னோம். எல்லாம் முடிஞ்சப்புறம் மேல பூசினது மட்டும்தான் நான்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பூசிவிட்ட சுவரும்மா அது. அழகா இருக்கும்னு ஒருத்தி உடைப்பான்னு நான் கண்டேனா?"

குளவி வராமலிருக்கச் சுவருக்குக் கொசுவலை கட்டிப் பார்த்தார்கள். வலை விரிந்ததுமே சிட்டு கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கழற்றிவிட்டார்கள். அவள் ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டாள். விடிந்தால் எழுந்து, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல, முன்னூறு துளையையும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். நாள் முழுக்க ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவரைக் காவல் காப்பாள். கணவன் ஜோக்கடிப்பதையே நிறுத்திவிட்டான்.

ஒரு மழை விட்ட மத்தியானம்.

"அம்மா, தொண்டையில என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

தண்ணீர் கொடுத்தாள். சிட்டு குடித்தாள்.

"இன்னும் இருக்கும்மா. ஈரமா இருக்கு. மண்ணு வாசம் வருது."

அவளுக்கு நிமிரத் துணிவில்லை. ஆனாலும் நிமிர்ந்தாள்.

காலையில் துடைத்த மேல் வரிசை. மூலைத் துளையின் விளிம்பில், கடுகளவு ஈர மண். அடுத்த துளையிலும். அதற்கடுத்ததிலும். வரிசை முழுக்க.

குளவி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ரீங்காரம் மட்டும் கேட்டது.

மெல்லக் குனிந்தாள்.

அது சிட்டுவின் மூடிய வாய்க்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.