குறை சொல்லி விற்ற கார்

ஷெட் கதவைத் திறந்த அச்சக முதலாளி பதறிப்போனார். சிவப்பு நிறப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் காணவில்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வாங்குகிறவர் பத்து மணிக்கு வருகிறார். தள்ளாடும் அச்சகத்துக்கு இந்த விற்பனைதான் கடைசி நம்பிக்கை.

காலை மணி 8.30. பெண் இன்ஸ்பெக்டர் பூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"உடைக்கலையே. சாவி?"

"ஒரு கொத்து வீட்டு ஆணியில. இன்னொண்ணு நெட்டைகிட்ட. அவன்தான் மெக்கானிக். காரைத் தானே வாங்கிக்கிறேன்னு நச்சரிச்சான். அவனேதான் மேடம்!"

"கார் எப்படி?"

முதலாளி முகத்தில் பெருமை வழிந்தது. "ஒளிவுமறைவே கிடையாது. என்ஜின் வேற காரோடது. கூரை ஒழுகும். பெட்ரோல் முள் பொய் சொல்லும். சீட்டை என் காலுக்கு அளவெடுத்து வெல்டிங் பண்ணிட்டேன், நகராது. எல்லாத்தையும் வாங்குறவர்கிட்ட புட்டுப்புட்டு வெச்சுட்டேன்."

முதலாளியும் பனைமர உயரம்தான்.

வீட்டுக்குள் அவர் மனைவி முக்காலி மேல் ஏறி அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்தாள். சோபாவில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டரின் முதுகில் வெறும் கட்டை இடித்தது. குஷன் இருந்த பக்கமாக நகர்ந்துகொண்டார்.

மெக்கானிக் வந்தார். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தார்.

"நான் எதுக்கு மேடம் திருடணும்? போன மாசம் அடியில ஏதோ வெல்டிங் வேலை. அதுக்குக்கூட சார் என்னைக் கூப்பிடலை."

"சின்ன வேலைடா. டார்ச் பிடிக்க இவளே போதும்னு விட்டுட்டேன்," என்றார் முதலாளி, மனைவியைக் காட்டி.

அதற்குள் வாங்குகிறவரான பல் டாக்டர் மகளோடு வந்துவிட்டார். காரே அவளுக்காகத்தான்.

"காணோமா? ஐயோ! வாங்கின அன்னைக்கே பைபாஸ்ல ஒரு மிதி மிதிக்கணும்னு போன வாரம்கூடச் சொன்னேனே!" என்றாள் மகள்.

மனைவியின் கையிலிருந்த தட்டில் தேநீர் சிந்தியது.

"நெட்டையை உள்ள தள்ளுங்க மேடம்," என்று முதலாளி குதித்தார்.

"அவர் இல்ல சார். உங்க உயரம் இருக்கறவர் அந்த சீட்ல அப்படியே ஏறி உட்காரலாம். எடுத்தவங்க குட்டைன்னா கால் கிளட்சுக்கு எட்டாது, முதுகுக்கு முட்டுக் கொடுக்கணும். இந்த சோபாவில ஒரு குஷன் குறையுது. அது எங்கம்மா?"

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "கார்லதான் இருக்கு. நான்தான் எடுத்தேன்."

"உனக்கு ஓட்டவே தெரியாதே!"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்கூல் வேன் ஓட்டினவ நான். நீங்க ஒருநாளும் கேட்டதில்ல."

அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"சேஸிஸ், அதான் காரோட அடிச்சட்டம், விரிசல் விட்டுடுச்சு மேடம். வெல்டிங் நிக்கலை. பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடிச்சு மறைச்சார். இந்தப் பொண்ணு வேகமாப் போவேன்னு சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இவர்கிட்ட கெஞ்சினேன். வாயை மூடிட்டு இருன்னார்."

இன்ஸ்பெக்டர் முதலாளியை ஏறிட்டார். "இத்தனை குறையைச் சொன்ன ஆள் இன்னொண்ணை மறைப்பார்னு யார் நினைப்பா? நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க சார்."

தெருக்கோடியில் மனைவியின் அண்ணனுக்கு ஒரு கிடங்கு இருந்தது. அங்கேதான் காரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். எல்லோரும் அங்கே போனதும் மெக்கானிக் காரின் அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. விரிசலுக்குள் அவருடைய விரல் முழுசாகப் போயிற்று.

"ஒரு பள்ளத்துல விட்டா ரெண்டா மடங்கிடும்," என்றார்.

டாக்டர் மகளைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் முதலாளியைப் பார்த்தாள்.

"நான் செத்திருப்பேன்ல அங்கிள்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.