ஒரு வேளைகூடத் தவறாமல்

சமையல்காரம்மா ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது அவர் கையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் அதன் விளிம்பை ஒருமுறை துடைத்தார்.

"இதுலதாங்க சூப் வெச்சேன். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, இதுல விஷம் இருக்கான்னு."

"கழுவிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் டெக்னீஷியன்.

"பின்னே? தேய்ச்சுக் கழுவித்தான் கொண்டு வந்திருக்கேன்."

டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாத்திரத்தை இரண்டு கைகளாலும் வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைத்தார். "உட்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

நோய்க்கிருமிகளைக் கண்டறியும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு டாக்டரம்மாதான் தலைவி. ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை யோசிப்பார். டெக்னீஷியன் நேர் எதிர். கேள்வி முடியும் முன்பே பதிலோடு நிற்பார் என்பதால், முந்திரிக்கொட்டை என்று ஆரம்பித்த பட்டப்பெயர் தேய்ந்து 'முந்திரி' ஆகி நிலைத்துவிட்டது. அவருடைய மனைவிகூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

சமையல்காரம்மா சொன்னது இதுதான். அவர் பதினொரு வருஷமாகச் சமைக்கும் வீட்டில், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு வாரம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

"நான் எதையோ கலந்துட்டேன்னு அவங்க பொண்ணு போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டாங்க. வேலை பார்க்குற மத்த ரெண்டு வீட்லயும் இனி வராதேன்னுட்டாங்க. பழியோட நான் எங்கேன்னு போவேன்?"

"ஏன் உங்க மேல சந்தேகம்?"

"அம்மாவுக்கு மட்டும் எல்லாத்தையும் தனியா மசிச்சுக் கொடுத்தேனாம். அவங்கதாங்க கேட்டாங்க! வயித்துக்கு வர்றதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே, 'மெல்ல முடியலடி, மசிச்சுக் கொடு'ன்னாங்க. ஒரே சட்டியில வெச்சதைத்தான் ஐயா சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்."

அவர் போன பிறகு, போலீசார் அனுப்பியிருந்த காகிதங்களை டாக்டரம்மா பிரித்தார். உணவு மாதிரிகளில் குற்றம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியின் மலப் பரிசோதனை அறிக்கையில் மட்டும், குடலுக்குள் விஷத்தைச் சுரக்கும் ஒரு கிருமியின் பெயர் இருந்தது.

"அப்போ சாப்பாட்டுலதான் வந்திருக்கு!" என்றார் முந்திரி.

"இந்தக் கிருமி எத்தனையோ பேர் வயித்துல சத்தம் காட்டாம கிடக்கும், முந்திரி. அது எப்படி உள்ளே போச்சுங்கறது பெரிய கேள்வி இல்ல. அதுக்கு இடம் விட்டது யாருங்கறதுதான் கேள்வி."

முந்திரிக்குப் புரியவில்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

அன்று மதியமே அந்த வீட்டுக்குப் போனார்கள். கூடம் துப்புரவாக இருந்தது. பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையும் கைக்கடிகாரமுமாக, விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பேசியதெல்லாம் மகள்தான். அவள் பள்ளி ஆசிரியை. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"கடைசி நாலு நாள் அம்மா வாயில ஒண்ணுமே வைக்கல டாக்டர். தண்ணிகூடக் கெஞ்சித்தான் குடுத்தோம்."

"மருந்து என்ன சாப்பிட்டாங்க?"

"ரத்த அழுத்த மாத்திரை. காலையில ஒண்ணு. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் சொன்னேன்." மருந்துச்சீட்டை எடுத்துக் காட்டினாள். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

டாக்டரம்மா பெரியவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கூடவே இருந்து பார்த்துக்கிட்டீங்களாய்யா?"

"நான்தாம்மா. ஒரு வேளைகூடத் தவறல. கடைசி வரைக்கும் தவறல. இருந்தும் நிக்கலையே."

அப்போது உள்ளறையில் அலாரம் அடித்தது. பெரியவர் சட்டென்று எழுந்து இரண்டு அடி வைத்தார். பிறகு நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். எங்கே போகிறோம் என்பதை மறந்தவர்போல இருந்தது அவர் முகம்.

"நிறுத்தணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

முந்திரி உள்ளே போய் அதை நிறுத்தினார். மணி இரண்டு. கடிகாரத்தின் அடியில் ஒரு துண்டுக் காகிதம். அழகான கையெழுத்தில் மூன்று எண்கள்: 6, 2, 10. திரும்பி வந்து டாக்டரம்மாவின் காதில் சொன்னார். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். முந்திரி அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

தெருவில் இறங்கியதும் முந்திரி பொரிந்து தள்ளினார். "பொண்ணுதான் மேடம்! எல்லாத்துக்கும் அவங்களே பதில் சொல்றாங்க. எதையோ மறைக்கிறாங்க."

"மறைக்கல. அவங்களுக்குத் தெரியாது. ஒரு வேளைகூடத் தவறலைன்னாரே, எந்த வேளை?"

"சாப்பாட்டு வேளை…" என்று ஆரம்பித்த முந்திரி பாதியில் நிறுத்தினார். "நாலு நாள் அவங்க சாப்பிடவே இல்லையே!"

"காலை மாத்திரைக்கு ஒரு அலாரம் போதும். இவர் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெச்சிருக்கார்." நடந்துகொண்டே, "நாளைக்குக் காலையில சமையல்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவர் காதுல விழாம இதைத் தீர்க்க வழி இருக்கான்னு யோசிக்கிறேன். இருக்கிற மாதிரி தெரியல" என்றார்.

மறுநாள் அதே கூடத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரம்மா மட்டும் வாசற்படி ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா," என்றார் டாக்டரம்மா, "அம்மாவுக்குப் பல் வலி இருந்துச்சா?"

பெரியவர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? கன்னம் வீங்கிடுச்சு. 'பொண்ணுகிட்டச் சொல்லாதீங்க, பல்லைப் பிடுங்க இழுத்துட்டுப் போயிடுவா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. எனக்கு முன்னே கால்புண்ணுக்குக் கொடுத்த கேப்சூல் அட்டை இருந்துச்சு. அதைக் காட்டிக் கடையில வாங்கினேன். மூணு நாள்ல வீக்கம் வத்திடுச்சு."

"அப்புறம் வயித்துக்கு வந்துச்சு."

"ஆமா. அதுவும் கிருமிதானேன்னு இன்னொரு அட்டை வாங்கினேன். பத்து நாள், மணி தவறாம…" அவர் நிறுத்தினார். சிக்னல் கம்பியை ஒரு நொடி தாமதமாகக்கூட இழுத்தறியாத கைகள் முழங்கால்மேல் அசையாமல் கிடந்தன. "ஏன் கேட்கறீங்க?"

டாக்டரம்மா மிக மெதுவாகப் பேசினார். "நம்ம குடல்ல கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் இருக்கு. கெட்ட கிருமி ஒண்ணு ரெண்டு உள்ளே இருந்தாலும் அதை இவங்க தலைதூக்க விட மாட்டாங்க. கெட்டதுக்கான தீனியை இந்த நல்லவங்களே தின்னு தீர்த்துடுவாங்க. ஒட்டிக்க இடம் கொடுக்க மாட்டாங்க. அது முளைக்க முடியாதபடி பித்தநீரையே மாத்தி வெச்சிருப்பாங்க. பல்லுக்குக் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்து வயித்துக்குள்ள நல்லது கெட்டது பார்க்கல. காவல் இருந்த கூட்டத்தை அழிச்சிடுச்சு. இந்த ஒரு கிருமி மட்டும் விதை மாதிரி ஓட்டுக்குள்ள பதுங்கித் தப்பிச்சுது. போட்டி போட ஆளில்லாத இடத்துல பெருகி விஷத்தைக் கக்கிடுச்சு. மருந்து தொடர்ந்து போனதால, காவலுக்கு யாரும் திரும்பி வர முடியல."

பெரியவரின் கண்கள் உள்ளறைப் பக்கம் போயின.

"நானா?" என்றார் பெரியவர்.

"பல்லுக்கு மருந்து தேவைப்பட்டிருக்கும்யா. ஒரு டாக்டர் கொடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். ஆனா வயித்துக்கு வந்தவுடனே அவர் அதை நிறுத்தியிருப்பார்."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில உங்களைக் கேட்டப்ப நான்தானேப்பா குறுக்க விழுந்து பதில் சொன்னேன். உங்களைப் பேச விட்டிருந்தா…" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசற்படிப் பக்கம் போனாள். "புகாரை இன்னிக்கே வாபஸ் வாங்கிடறேன். மத்த வீடுகளுக்கும் நானே வந்து சொல்றேன். மன்னிச்சிடுங்க. நாளைக்கு வேலைக்கு வருவீங்களா?"

சமையல்காரம்மா அழுதுகொண்டிருந்தார். "வரலைம்மா. கோபமெல்லாம் இல்ல. கரண்டியை எடுத்தா, எனக்கு மசிச்சுக் கொடுடின்னு அவங்க கேட்கிறது காதுல விழும். என்னால ஆகாது."

பெரியவர் காகிதமும் பேனாவும் கேட்டார். மருந்தைக் கொடுத்தது யார், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அந்தப் புகார்ல இந்த அம்மா பேர் இருக்கிற இடத்துல என் பேர் இருக்கணும்" என்று சொல்லி முந்திரியிடம் நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கடைசியில என்னை வெளியே உட்கார வெச்சுட்டாங்க. அவளுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

"இல்லைங்கய்யா. ஊசி போட்டிருந்தாங்க. தூங்கிட்டேதான் போயிருக்காங்க."

பெரியவர் அந்தச் சொற்களை வாங்கி உள்ளே வைத்துக்கொள்பவர்போலத் தலையசைத்தார்.

டாக்டரம்மாவும் முந்திரியும் தெருமுனைக்கு வந்தார்கள். பிறகு முந்திரி கேட்டார்: "மேடம், ஆஸ்பத்திரிக் குறிப்பை நீங்க முழுசாப் படிச்சீங்க இல்ல? தூங்கிட்டே போனாங்கன்னு நான் சொன்னது சரிதானே?"

"இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா அவர் என்னைக் கேட்டா, நானும் அதையேதான் சொல்லுவேன்."